மது இல்லாமல் மணக்கும் பிரெஞ்சு டோஸ்ட்

தொழில் பாடம்



இந்த மாதப் பாடம் ஒரு தின்பண்டம் பற்றியது. பெயர் பிரெஞ்சு டோஸ்ட். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். முட்டை, பால், சர்க்கரை மூன்றையும் கலந்து, அதில் ரொட்டித் துண்டை நனைத்து, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட்டு எடுப்பதுதான். நம் ஊர் டீக்கடையிலும் பேக்கரியிலும் இதை 'பாம்பே டோஸ்ட்' என்று சொல்கிறார்கள். நம்மில் பலர் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து கொடுத்திருப்போம்.

"தெரிந்த பண்டத்துக்கு எதற்குப் பாடம்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு முன் நம் குழு உறுப்பினர்கள் சிலர் ஒரு சிற்றுண்டிப் பயிற்சிக்குப் போயிருந்தோம். சொல்லிக் கொடுத்தவர் பெரிய ஓட்டலில் வேலை பார்த்த இளைஞர். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொல்லித் தந்தார். பிரெஞ்சு டோஸ்ட் செய்யும்போது பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். "இது ஆரஞ்சு லிக்யூர். ஓட்டலில் இதை ஊற்றித்தான் செய்வோம். அப்போதுதான் அந்த வாசனை வரும்" என்றார்.

மூடியைத் திறந்ததும் வாசனை அறை முழுக்கப் பரவியது. எங்களோடு வந்திருந்த ஒரு அக்கா, கோரைப்பாய் நெய்கிறவர், சட்டென்று எழுந்துவிட்டார். "தம்பி, அதை மூடி வைப்பா. இந்த வாடை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் நான் குழுவிலேயே சேர்ந்தேன். அதையே பலகாரத்துல ஊத்தி விக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

அந்தத் தம்பி சங்கடப்பட்டுப் போனார். "சாராயம் மாதிரி இல்லம்மா, இது வாசனைக்குத்தான். சூட்டில் எல்லாம் பறந்துவிடும்" என்றார்.

அக்கா விடவில்லை. "வாசனை சாராயத்துலேர்ந்து வருதா, ஆரஞ்சுலேர்ந்து வருதா? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும், நாலைந்து முறை அடுப்பில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பெயர் வந்த கதை

இந்தப் பண்டம் பிரான்சில் பிறந்ததல்ல. பழைய ரோமானியச் சமையல் குறிப்புகளிலேயே ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்து, தேன் ஊற்றிச் சாப்பிடும் பண்டம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பான் பெர்து' என்கிறார்கள். 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பொருள். காய்ந்து போனதால் இனிக் குப்பைக்குத்தான் என்று நினைத்த ரொட்டியை மறுபடி உணவாக்குவதால் அந்தப் பெயர். ஜெர்மனியில் இதன் பெயர் 'ஏழை வீரர்கள்'. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் 'தொர்ரிஹா' என்ற பெயரில் செய்கிறார்கள்.

ஆக, இது பணக்காரர் பண்டமாகப் பிறக்கவில்லை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு ஆக்குவதும், மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்குவதும் போல, வீட்டைக் கட்டிக் காக்கிற பெண்கள் கண்டுபிடித்த வழி இது.

வந்தவாசிக்காரர்களுக்கு பிரெஞ்சுக்காரர் புதிதல்ல. 1760 ஜனவரி 22 அன்று நம் ஊரில்தான் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுப் படை தோற்றது. மறு வருடம், 1761 ஜனவரியில், புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்து, 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. அவர்கள் சமையல் பழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'விவிக்கம்' கேக் ரவை, நெய், ரம்மில் ஊறிய உலர்பழங்கள் சேர்த்துச் செய்வது. பலகாரத்தில் மது சேர்ப்பது அவர்கள் வழக்கம். அதை நாம் குறை சொல்லவில்லை. நமக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

மதுவை ஏன் ஊற்றுகிறார்கள்?

லிக்யூர் என்பது இனிப்பு மது. வடித்த சாராயத்தில் பழத்தோல், மூலிகை, விதை, பூ இவற்றில் ஒன்றை ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துச் செய்வார்கள். பிரெஞ்சு டோஸ்டில் பெரும்பாலும் ஊற்றுவது ஆரஞ்சு லிக்யூர். பிரான்சின் புகழ்பெற்ற ஆரஞ்சு லிக்யூர்களில் 100க்கு 40 பங்கு ஆல்கஹால் இருக்கும். ஊறவைக்கும் பொருள் ஆரஞ்சுப் பழத்தின் சாறு அல்ல, தோல்!

சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடக்கி அடுத்த பிள்ளை கண்ணில் பீய்ச்சி விளையாடியிருப்போம். கண் எரியும், அம்மாவிடம் அடி விழும். அப்போது பீய்ச்சி வந்தது தோலில் இருக்கிற வாசனை எண்ணெய். தோலின் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிவதெல்லாம் அந்த எண்ணெய் இருக்கிற சின்னச் சின்னப் பைகள். ஆரஞ்சின் மணம் முக்கியமாக அங்கேதான் இருக்கிறது.

இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால்தான் அவர்கள் தோலைச் சாராயத்தில் ஊறவைத்தார்கள். சாராயம் மணத்தைத் தோலிலிருந்து இழுத்து, பாட்டிலில் வருடக்கணக்கில் பிடித்து வைக்கிற வேலையைச் செய்கிறது.

ஆனால் அந்த எண்ணெய் இன்னொன்றிலும் நன்றாகக் கரையும். அது கொழுப்பு. நெய், வெண்ணெய், பாலின் ஆடை, முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றிலும் கொழுப்பு உண்டு. பிரெஞ்சு டோஸ்டில் இவை எல்லாமே ஏற்கனவே இருக்கின்றன. ஆக, அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: வாசனை ஆரஞ்சுத் தோலிலிருந்து வருகிறது. சாராயம் அதைச் சுமந்து வரும் வண்டி மட்டும்தான். நம்மிடம் நெய் என்ற வேறு வண்டி இருக்கிறது.

மதுவால் வருகிற இன்னும் இரண்டு குணங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று, தொண்டையில் இறங்கும் சூடு. இரண்டு, ஆரஞ்சுத் தோலின் லேசான கசப்பு. சூட்டுக்கு நம்மிடம் சுக்கு இருக்கிறது. கசப்புக்கு நாரத்தங்காய்த் தோல் இருக்கிறது.

சூட்டில் எல்லாம் பறந்துவிடுமா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் முதலில் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் அப்படித் தனியாகப் பிரிந்து ஓடிவிடாது.

அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட உணவு அட்டவணையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. பண்டத்தில் ஊற்றிய ஆல்கஹாலில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்:

- மேலே ஊற்றி நெருப்புப் பற்ற வைத்தால்: 100க்கு 75 பங்கு மிஞ்சும்.
- 15 நிமிடம் கொதித்தால்: 40 பங்கு மிஞ்சும்.
- 30 நிமிடம் கொதித்தால்: 35 பங்கு மிஞ்சும்.
- 1 மணி நேரம் கொதித்தால்: 25 பங்கு மிஞ்சும்.
- இரண்டரை மணி நேரம் கொதித்தால்: 5 பங்கு மிஞ்சும்.

டோஸ்ட் கல்லில் இருப்பது மொத்தம் ஆறேழு நிமிடம்தான். அதனால் ஊற்றியதில் கணிசமான பங்கு ரொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பாகில் ஊற்றித் தட்டில் விட்டால் இன்னும் அதிகம். "எல்லாம் பறந்துவிடும்" என்பது சரியல்ல.

ஒரு துண்டில் இருக்கும் அளவு சிறியதுதான். அதைச் சாப்பிட்டு யாருக்கும் போதை வராது. ஆனால் விற்கிற நாம் வாங்குகிறவர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

- நம் கடைக்கு முதலில் வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு சொட்டு கூடக் கொடுக்கக் கூடாது.
- கர்ப்பிணிப் பெண்கள் மதுவைத் தொடவே கூடாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை.
- குடியை நிறுத்த 'டைசல்ஃபிராம்' என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது உணவில் கலந்த கொஞ்சம் மது போனால்கூட முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். கஷ்டப்பட்டுக் குடியை விட்ட ஒரு மனிதர் நம் கையால் செய்த பண்டத்தால் விழக் கூடாது.
- இஸ்லாமியச் சகோதர சகோதரிகளுக்கு மது கலந்த உணவு விலக்கப்பட்டது. மற்றவர்களிலும் மதுவைத் தொடாதவர் பலர். சொல்லாமல் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம்.

எசன்ஸ் வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். சில எசன்ஸ்களில் வாசனையைக் கரைக்க ஆல்கஹாலே சேர்த்திருப்பார்கள். தோலே கையில் இருக்கும்போது எசன்ஸ் எதற்கு?

குழுப் பெண்களும் இந்த வாடையும்

அந்த அக்கா எழுந்து நின்றது வீம்பு இல்லை. அவரைப் போல எழுந்து நின்ற பெண்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். 1990களின் தொடக்கத்தில் தங்கள் ஊரில் சாராயக் கடை வேண்டாம் என்று தடுத்து நின்றார்கள். 1992இல் அந்தப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை போட்டது. அதன் பிறகு அதே நெல்லூர்ப் பெண்கள் நாளைக்கு 1 ரூபாய் வீதம் சேமிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சேமிப்பு இயக்கத்துக்கு 'பொதுப்புலட்சுமி' என்று பெயர். 'பொதுப்பு' என்றால் தெலுங்கில் சிக்கனம்.

சாராயத்துக்குப் போன காசு சேமிப்புப் புத்தகத்துக்கு வந்த கதை அது. நம் குழுக்களிலும் இப்படிப்பட்ட கதை ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும்.

இனி அடுப்புக்குப் போவோம்.

தேவையான பொருட்கள் (8 துண்டுக்கு)

- ரொட்டி: 8 துண்டு (முந்தின நாள் ரொட்டி)
- முட்டை: 3
- காய்ச்சி ஆறிய பால்: 200 மில்லி (1 டம்ளர்)
- சர்க்கரை: 3 மேசைக்கரண்டி
- ஆரஞ்சு: 2 (கமலா ஆரஞ்சு அல்லது சாத்துக்குடி)
- ஏலக்காய்: 2
- உப்பு: 1 சிட்டிகை
- நெய்: 4 தேக்கரண்டி

பாகுக்கு:

- அந்த 2 பழத்தின் சாறு
- சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம்: 4 மேசைக்கரண்டி
- சுக்குத்தூள்: 2 சிட்டிகை
- நாரத்தங்காய்த் தோல் துருவல்: 1 சிட்டிகை (கிடைத்தால்)

செய்முறை

1. பழத்தைக் கழுவுங்கள். தோலைத்தான் சாப்பிடப் போகிறோம். மருந்தும் மெழுகும் ஒட்டியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. உரிப்பதற்கு முன்பே துருவுங்கள். காரட் துருவியின் பொடிக் கண் பக்கத்தில் லேசாகத் தேயுங்கள். நிறமாக இருக்கும் மேல்தோல் மட்டும் போதும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசந்துவிடும். உரித்த பிறகு கமலா ஆரஞ்சுத் தோலைத் துருவுவது கஷ்டம்.

3. சர்க்கரையோடு கசக்குங்கள். பாடத்தின் உயிரே இந்தப் படிதான். துருவிய தோலை 3 மேசைக்கரண்டி சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் 2 நிமிடம் நன்றாகக் கசக்குங்கள். சர்க்கரையின் கூர்மையான மணிகள் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பைகளை உடைக்கும். சர்க்கரை ஈரமாகி, மஞ்சள் நிறம் ஏறி, கை மணக்கும். பாட்டிலைத் திறந்தபோது வந்த ஆரஞ்சு மணம் இதுதான்.

4. கலவை செய்யுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பாத்திரத்தில் சேருங்கள். ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் கெடுத்துவிடும். மணச் சர்க்கரை, உப்பு, பொடித்த ஏலக்காய் சேர்த்து நன்றாக அடித்து, பிறகு பாலை ஊற்றிக் கலக்குங்கள். பால் ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். ஆரஞ்சுச் சாற்றை இதில் ஊற்றாதீர்கள், பால் திரியும்.

5. பாகு காய்ச்சுங்கள். சாறும் சர்க்கரையும் சேர்த்துச் சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்கட்டும். விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும் பதம் போதும், கம்பிப் பதம் வேண்டாம். இறக்கும்போது சுக்குத்தூளும் நாரத்தங்காய்த் தோலும் போடுங்கள். வெல்லம் போட்டால் முதலில் கரைத்து வடிகட்டுங்கள்.

6. ரொட்டியை நனையுங்கள். அகலத் தட்டில் கலவையை ஊற்றி, ஒரு பக்கம் 20 விநாடி, மறு பக்கம் 20 விநாடி வையுங்கள். புது ரொட்டி என்றால் அந்த நேரத்துக்குள் குழைந்து பிய்ந்துவிடும். முந்தின நாள் ரொட்டி காய்ந்திருப்பதால் பாலைக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கும்.

7. சுடுங்கள். கல் காய்ந்ததும் தீயைக் குறையுங்கள். துண்டுக்கு அரைத் தேக்கரண்டி நெய். ஒரு பக்கம் 3 நிமிடம், மறு பக்கம் 3 நிமிடம். சர்க்கரை இருப்பதால் பெருந்தீயில் வெளியே கருகும், உள்ளே முட்டை பச்சையாக இருக்கும். நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசியக் கூடாது. பஞ்சு போல எழும்பி வர வேண்டும்.

8. மேலே 1 தேக்கரண்டி பாகு விட்டுச் சூடாகக் கொடுங்கள்.

நாங்கள் மறுபடி கூடியபோது அந்த அக்காவுக்கு இதைச் செய்து கொடுத்தோம். மோந்து பார்த்துவிட்டு, "இதுல தோல் வாசனை மட்டும்தான் இருக்கு. பேரனுக்கு ரெண்டு கட்டிக் குடு" என்றார்.

கவனிக்க வேண்டியவை

*பழைய ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு.* காய்ந்த ரொட்டி நல்லது. பச்சை, கறுப்பு, வெள்ளைப் புள்ளியோ பூசண வாடையோ இருந்தால் முழு ரொட்டியையும் எறியுங்கள். "அந்தத் துண்டை மட்டும் எடுத்துட்டா போச்சு" என்று நினைக்காதீர்கள். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி கடந்த ரொட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

*முட்டைக் கலவையை வெளியே வைக்காதீர்கள்.* பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். நம் ஊர் வெயிலில் கலவை 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஒரே தடவையில் நிறையக் கலக்காமல் 8 துண்டு, 8 துண்டாகக் கலக்குங்கள். மீந்த கலவையை மறுநாளுக்கு வைக்காதீர்கள். முட்டை உடைத்த கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சுட்ட டோஸ்டைத் தொட வேண்டும்.

*முட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.* சைவக்காரர் தெரியாமல் சாப்பிடக் கூடாது. சிலருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. 'முட்டை சேர்த்தது, மது சேர்க்காதது' என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். அந்த இரண்டாவது வார்த்தையே நமக்கு விளம்பரம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே இருப்பது உதாரணக் கணக்கு. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

8 துண்டுக்கு:

- ரொட்டி (16 துண்டு பாக்கெட் 48 ரூபாய் என்றால் பாதி): ரூ. 24
- முட்டை 3 (ஒன்று 7 ரூபாய்): ரூ. 21
- பால் 200 மில்லி: ரூ. 11
- சர்க்கரை: ரூ. 5
- ஆரஞ்சு 2: ரூ. 24
- நெய்: ரூ. 14
- கேஸ்: ரூ. 6
- இலை, காகிதம்: ரூ. 8
- பொருள் செலவு: ரூ. 113
- நம் கூலி (அரை மணி நேரம்): ரூ. 30
- கழிவு, சேதாரம் (100க்கு 10): ரூ. 14
- மொத்தம்: ரூ. 157

ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 20 ரூபாய் ஆகிறது. 20 ரூபாய்க்கு விற்றால் கூலி மட்டும்தான் மிஞ்சும், லாபம் இல்லை. 25 ரூபாய்க்கு விற்றால் 8 துண்டுக்கு 200 ரூபாய் வரும். கூலி 30 போக லாபம் 43.

பிள்ளைகள் 25 ரூபாய் கொடுக்க முடியாது என்றால் செலவைக் குறைக்க வேண்டும். ஆரஞ்சுக்குப் பதில் எலுமிச்சை போடலாம். எலுமிச்சைத் தோலையும் இப்படியே துருவிச் சர்க்கரையில் கசக்கலாம். ஒரு பழத்தின் சாறும் அரை டம்ளர் தண்ணீரும் பாகுக்குப் போதும். ஆரஞ்சுச் செலவு 24 ரூபாயிலிருந்து 6 ரூபாயாகும். மொத்தச் செலவு ஏறக்குறைய 137 ரூபாய், துண்டுக்கு 17 ரூபாய்தான். 20 ரூபாய்க்கு விற்கலாம்.

சகோதரிகளே, நிறையப் பேர் கணக்கு எழுதும்போது கூலியை விட்டுவிடுகிறோம். "நம்ம கைதானே" என்கிறோம். கூலியைச் சேர்க்காத லாபம் லாபமே இல்லை. வெளியே வேலைக்குப் போனால் வாங்கும் கூலியை இங்கேயும் எழுதுங்கள்.

இனி லிக்யூர் கணக்கையும் பாருங்கள். 8 துண்டுக்கு 3 மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லி ஊற்ற வேண்டும். 750 மில்லி பாட்டில் 16 தடவையோடு தீர்ந்துவிடும். வெளிநாட்டுச் சரக்கின் விலை என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் குப்பைக்குப் போகிற தோல் அதே வேலையைச் செய்கிறது, காசு இல்லாமல்!

எப்படித் தொடங்குவது?

எடுத்த எடுப்பில் கடன் வாங்காதீர்கள். அடுப்பும் தோசைக்கல்லும் வீட்டில் இருக்கின்றன. முதல் 10 நாள் ஒரு ரொட்டிப் பாக்கெட் மட்டும் வாங்கிச் செய்து பாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம், சந்தை நாள், திருவிழா, குழுக் கூட்டம் என்று எங்கே விற்கிறது, எத்தனை மீந்தது என்று நோட்டில் எழுதுங்கள். 10 நாள் கணக்கு கையில் இருந்தால்தான் உள்கடன் கேட்கும்போது குழுவுக்கும் நம்பிக்கை வரும், உங்களுக்கும் தைரியம் வரும்.

பாய் நெசவு, பட்டுத் தறி வேலை பார்க்கிற சகோதரிகளுக்கு இது முழுநேரத் தொழிலாக வேண்டியதில்லை. சாயங்காலம் 2 மணி நேரம் போதும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் சுட, ஒருவர் காசு வாங்கலாம். காசு தொடுகிற கை பண்டத்தைத் தொடாமல் இருப்பதும் சுத்தம்.

தொடர்ந்து விற்பதாக இருந்தால், எவ்வளவு சிறிய கடையானாலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன்படி பதிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பதிவுச் சான்றை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்துரையாட

1. ஆரஞ்சின் மணம் எங்கே இருக்கிறது? அதைச் சாராயம் இல்லாமல் எப்படி எடுப்பது?
2. "சூட்டில் மது பறந்துவிடும்" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?
3. மது கலந்த பண்டத்தை யார் யார் சாப்பிடக் கூடாது? ஏன்?
4. உங்கள் ஊர் விலையில் ஒரு துண்டுக்கு என்ன செலவாகிறது? கூலியைச் சேர்த்தீர்களா?
5. நம் வீட்டில் தினமும் வீணாகும் பொருள் என்ன? அதில் காசாகக் கூடியது எது?

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பழத்தின் தோலைக் கொண்டு வாருங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தை எதுவானாலும் சரி. தனித்தனித் தட்டில் சர்க்கரையோடு கசக்கி மோந்து பாருங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதில் டோஸ்ட் செய்து, எத்தனை விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று நமக்கு எழுதுங்கள். நன்றாக வந்தாலும் எழுதுங்கள், கருகிப் போனாலும் எழுதுங்கள். ஒருவர் கருக்கியதிலிருந்து நாலு பேர் கற்றுக்கொள்ளலாம்.

பிறகு ஒரு வார்த்தை. பயிற்சியில் யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும், அந்த அக்கா கேட்டது போலக் கேளுங்கள். "இது எதுக்கு? இது இல்லாம முடியாதா?" என்று எழுந்து நின்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அவர் அன்று கேட்டதால்தான் இந்தப் பாடமே வந்தது.